முக்கால் நொடி

வில்னா வானாய்வகத்தின் குறிப்பேடு.
1811, மேகமில்லா இரவுகள் மட்டும்.
பக்கம் பக்கமாய் நகலெடுப்பது என் வேலை.
கையுறைக்குள் விரல் வியர்க்கிறது.

அவர்களுடைய வேலை எளிது, கேட்பதற்கு:
தொலைநோக்கிக்குள்ளே சிலந்தி நூல் ஐந்து.
நட்சத்திரம் ஒவ்வொன்றாய்த் தாண்டும்.
கண் அங்கே,
காது சுவரோர ஊசல் கடிகாரத்தில்.
எந்தத் துடிப்புக்கு எவ்வளவு பின்னால்
நூலைத் தொட்டது என்று
கை எழுத வேண்டும், பார்க்காமலே.

உதவியாளன் ஒனுஃப்ரி எழுதியதெல்லாம்
தலைவர் எழுதியதற்கு முக்கால் நொடி பிந்தியது.
ஜனவரியிலும் முக்கால், காய்ச்சலிலும் முக்கால்.
'துல்லியமான சோம்பேறி' என்று
ஓரத்தில் லத்தீனில் ஒரு குத்தல்.

மார்ச்சோடு அவன் எழுத்து நின்றுவிடுகிறது.
செலவுக் கணக்கில்
பதினோரு ரூபிள், ஒரு ஜோடி காலணி.

தலைவர் சரியென்றால் இவன் தவறு.
இவன் சரியென்றால்...
அப்படி யோசிக்க
அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

இருபது ஆண்டு தள்ளி, வேறு மை.
புதுத் தலைவர், புது உதவியாளர்கள்,
ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள்.
யாரோ அட்டவணை போடுகிறார்:
ஆளுக்கொரு பிழை.
கடைசி வரிசையில், கொஞ்சம் தயங்கிய எழுத்தில்,
தலைவரின் பெயர்.

வானத்தை அளக்கப் போனவர்கள்
பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே
ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள்.
அவரைக் கழித்துவிட்டு
வானத்தை எழுதினார்கள்.

கழித்ததை எங்கே வைத்தார்கள்?

என் தங்கை யூராதே போன மாதம்
கௌனாஸ் ஆய்வகம் ஒன்றில்
தலையில் மின்முனை ஒட்டிக்கொண்டு
தோன்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினாள்.
கூலி, இரண்டு காப்பிச் சீட்டு.
அமுக்க நினைத்ததற்கு முன்பே
மூளையில் அலை எழுந்துவிட்டதைத்
திரையில் காட்டினார்களாம்.
'அப்ப அமுக்கினது யாரு?' என்றாள் போனில்.
நான் சூப் கலக்கிக்கொண்டிருந்தேன்.
உப்புப் போட்டேனா என்று
நினைவில்லை.

ஸ்கேனர் இன்றும்
ஒனுஃப்ரியின் ஏழை ஒன்று என்றே படிக்கிறது.
குறுக்குக்கோடு போட மாட்டான், மூக்கை மட்டும் லேசாய் வளைப்பான்.
ஒவ்வொன்றாய்த் திருத்துகிறேன்.
அந்த முக்கால் நொடியில்
அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?
ஒருவேளை
வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ.
அதை எழுதக் கட்டம் இல்லை
இந்தப் படிவத்தில்.

ஏழு. ஏழு. மறுபடியும் ஏழு.
பச்சை விளக்கு எரிகிறது.
எரிந்துவிட்டிருக்கிறது,
நான் பார்த்ததாய் நினைப்பதற்குச்
சற்று முன்பே.