ஆறு நடுவில் வரவேண்டும்

இரண்டடிக்கு இரண்டடிச் சதுரம் எதுவானாலும்
ஆறு விளிம்பின் நட்டநடுவில் நுழைந்து
நட்டநடுவில் வெளியேற வேண்டும்.
இடையில் எப்படியும் வளையட்டும்,
குடித்தவன் வீடு திரும்புவதுபோல;
வாசல் மட்டும் தவறக் கூடாது.

பகலில் நான் ரயில் யார்டில் பெட்டி பூட்டுகிறவன்.
கொக்கியும் கொக்கியும் அரை அங்குலம் பிசகினால்
என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும்.

வின்னிபெக்கின் கிழக்கே, ட்ரான்ஸ்கோனா.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் ஃபர்னஸ் இருமி இருமி எரிகிறது.
சுவருக்குள் நின்று குளிரை மறிக்கப் பிறந்த
ரோஸ் நிற ஃபோம் பலகையில்
சூட்டுக்கம்பியால் ஒரு பள்ளத்தாக்கை அறுக்கிறேன்.
மேலேயிருந்து சுபோதினி:
"என்ன எரியுது? வீடோ?"
"இல்லை. பள்ளத்தாக்கு."
"அப்ப சரி."

மொத்தம் ஆறு சதுரம். அதனூடே ஓர் ஆறு.
ஆறட்டும், ஆறட்டும் என்கிறது பசைப்போத்தல்.
வடித்து முடித்த கோப்பித்தூளை
ஓவனில் காயவைத்தால் உழுத மண்.
வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியை
விரற்கடை விரற்கடையாக வெட்டி நட்டால்
மனிடோபாக் கோதுமை.
இனி வருகிறவர்கள் பனிச் சப்பாத்தை
எதில் துடைப்பது என்று கேட்டாள்.
அதற்கு நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் சதுரத்தில் ஒரு குன்று.
ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமைத் தின்னும் என்று
டப்பாவிலேயே எழுதியிருந்தது.
படித்தேன். படித்துவிட்டு அடித்தேன்.
வாயில் வைத்த தும்புமுட்டாஸ் மாதிரி
குன்று தன்னைத்தானே விழுங்கிக்கொண்டது.

ஓரெஸ்ட் குனிந்து பார்த்தான்.
இரண்டு வீடு தள்ளி இருப்பவன்,
முப்பது வருடம் பொய்ப்பல் கட்டியவன்.
"அழகு. குண்டு விழுந்த பள்ளம் என்று வை.
உள்ளே நிற்கிறவனுக்குப் பாதி மறைப்பு."
இவ்வளவு வட்டமாக இராது என்று
சொல்ல வந்து, சொல்லவில்லை.
அவனுடைய பல்சுரண்டி ஊசியை வாங்கி
ஒரு பக்க விளிம்பைச் சரித்தேன்.
வந்த திசைக்கு மறுபுறம்
மண்ணைக் கொஞ்சம் கூடக் குவித்தேன்.
"இது உனக்கு எப்படித் தெரியும்?"
"அந்தப் பசையை எடு."
எடுத்துத் தந்தான்.

நாலாம் சதுரத்தில் ஒரு வீடு. கூரை கழலும்.
கழற்றினால் ஐந்து சிப்பாய்களை உள்ளே நிறுத்தலாம்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்,
வீட்டின் பின்னால் தையல் நூலில் கொடி கட்டி
ஒன்பது உடுப்புக் காயப்போட்டிருக்கிறாள்.
ஒன்று குழந்தைச் சட்டை, அரிசியளவு.

இது பார்வைக்கோட்டை மறைக்குமா?
ஓரெஸ்ட்டும் நானும் விதிப்புத்தகத்தை விரித்து
முக்கால் மணி நேரம் வாதாடினோம்.
வாஷிங் மெஷினுக்கு வந்தவள்
ஈரக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி
தீர்ப்புச் சொன்னாள்:
"அந்த வீட்டில ஆக்கள் இருக்கினம்.
ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது."
மொழிபெயர்த்தேன். ஓரெஸ்ட் பென்சில் எடுத்து
பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.
அன்றிலிருந்து இரு படையும் சுற்றித்தான் போகின்றன.
சுற்றிப் போய்ச் சுற்றிப் போய்
நான்தான் எப்போதும் தோற்கிறேன்.

ஆற்றுக்கு ரெசின் ஊற்றியது கடைசியில்.
இறுக இருபத்துநான்கு மணி நேரம்.
இரண்டாவது மணியில்
ஓரெஸ்ட் சும்மா கைக்குள் குலுக்கிக்கொண்டிருந்த பகடை
நழுவி, மெதுவாக, அவசரமே இல்லாமல் மூழ்கியது.
ஊசியால் துழாவினோம்.
சுபோதினியின் புருவச் சாமணத்தால் துழாவினோம்.
ஆறு விடவில்லை.

இப்போது சதுரங்களை எப்படி மாற்றிப் போட்டாலும்,
எந்தப் படை கரையில் நின்றாலும்,
நீருக்கடியில் ஓர் இரண்டு
விழுந்தபடியே கிடக்கிறது.

விழுந்ததுதான் விழுந்தது,
ஆற்றில் ஓர் ஆறு விழுந்திருக்கலாம் என்றாள் சுபோதினி.
நான் சிரித்தேன். என்ன, என்ன என்றான் ஓரெஸ்ட்.
அதை மட்டும்
மொழிபெயர்க்க வரவில்லை.