ஐந்து சதவீதம்

தஞ்சாவூர், பிற்பகல் மூன்று மணி. மின்விசிறி நின்றுவிட்டது.
லென்ஸுக்குக் கீழே தையல்நாயகி,
குடவாசல், வயது ஐம்பத்தொன்று, புகைபிடித்ததில்லை.
நெல் அவித்த புகையைக் கேட்கப் படிவத்தில் கட்டமில்லை.

இளஞ்சிவப்பும் ஊதாவும்.
பெரும்பகுதி காற்றறையின் சுவரைப் பிடித்தபடியே போகிறது,
வரப்பை உடைக்காமல் வரப்போடு படரும் அறுகு மாதிரி.
இதோடு வாழலாம்.
இதை மட்டும் எழுதிவிட்டால் டீ குடிக்கப் போகலாம்.

ஸ்லைடை ஒரு நூல் நகர்த்துகிறேன்.

ஓரத்தில், வேரில்லாமல், தண்டில்லாமல்,
ஏழெட்டுச் செல்களாய்க் கொத்துக் கொத்தாய் மிதக்கின்றன,
எதையும் பிடித்துக்கொள்ளாமல்.
பக்கத்து அறையில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்று.

மேட்டூர் திறந்த வாரம்
வெண்ணாற்றில் இப்படித்தான் வந்தது ஆகாயத்தாமரை,
முதலில் கையகலம்.
ஷட்டருக்கு அந்தப் பக்கம்
எந்த வாய்க்காலுக்குப் போனதென்று யாரும் பார்க்கவில்லை.

நிணநீர் முடிச்சு ஆறும் சுத்தம். மறுபடி பார்த்தேன். சுத்தம்தான்.

போனில் அறுவை மருத்துவர்:
“பெரும்பாலும் நல்ல வகைதானே மேடம்?”
பெரும்பாலும்.
கொள்ளிடக் கரையில் குடியிருப்பவனிடம் போய்ச் சொல்லுங்கள்,
கரை பெரும்பாலும் உடையவில்லை என்று.

ஐந்து என்று தட்டுகிறேன்.
அழிக்கிறேன்.
ஐந்து.