ஒரு சொல் அகலம்

தஞ்சோங் பினாங்கில் படகுத்துறைக்கு எதிரே மேல்மாடி,
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும் அறை.
ஹஸ்மரினாவின் நாவல்
மெய்ப்புத் தாள்களாய்க் காப்பிக் கோப்பைக்கு அடியில்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பதிப்பாசிரியர் ஜுநைதியின் சிவப்பு வட்டம்:
‘தியா தியாவை முத்தமிடுவதாக இருக்கிறது.
இதில் யார் ஆண்?’

மலாய்க்கு அந்தக் கவலை கிடையாது.
அவனும் தியா, அவளும் தியா,
இருட்டில் இருவரும் தியா.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள்:
‘மொழியே கேட்கவில்லை, உங்களுக்கு என்ன?’

இதைத் தமிழில் சொல்லவரும் எனக்குத்தான் சங்கடம்.
வினைமுற்று வாயைத் திறந்ததுமே கோள் சொல்லிவிடும்.
முத்தமிட்ட உதடு, நழுவிய போர்வை,
வியர்த்த தோள் என்று
பெயரெச்சங்களுக்குப் பின்னால் பதுங்குகிறேன்.

இரண்டாவது வட்டம் கீழே, தாள் கிழியும் அழுத்தத்தில்.
பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள்
கதவைத் தாழிட்டு, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து,
தையல் ஆறிவிட்டதா என்று
குனிந்து பார்க்கிறாள் கதையில் வரும் மஸ்னா.
எதை?

அகராதியில் அதன் பெயர் கெமாலுவான்.
உள்ளே இருப்பது மாலு. வெட்கம்.
முன்னும் பின்னும் ஒட்டு வைத்துத் தைத்த வெட்கம்.
ஆணுடையதற்கும் அதே சொல்தான்,
அது வெட்கப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

‘மலர் என்று போடலாமே’ என்கிறார் ஜுநைதி.
மூன்று புள்ளி வைக்கலாம் என்கிறார்.
ஆஸ்பத்திரிச் சொல்லில் டெட்டால் வாடை.
மீன் சந்தையில் ஒன்று உண்டு,
விலை படியாத ஆண்கள் காறித் துப்புவது.
எழுதினாள். அடித்தாள். எழுதினாள்.
கடைசியில் காலியாகவே விட்டு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து போன்.
பக்கம் அமைக்கும் வான் சல்பியா,
இரண்டு பிள்ளை பெற்றவள்:
‘நூற்றுப் பன்னிரண்டில் இடைவெளி விழுந்திருக்கு அக்கா.’
‘எவ்வளவு?’
‘ஒரு சொல் அகலம்.’
‘இருக்கட்டும்.’

போனை வைக்கவில்லை சல்பியா.
எந்திரம் ஓடும் சத்தம்.
பிறகு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம்.
‘அங்கே என்ன வரணும்?’
‘நீ என்ன சொல்லுவே?’

முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு.
அப்புறம், புருஷனிடம்கூடச் சொல்லாத ஒரு பெயரை,
தனக்கென்று வைத்திருந்ததை,
மெல்லச் சொன்னாள்.

கீழே பெனியெங்காட் படகு இரைந்து கிளம்பியது.
ஹஸ்மரினா பென்சிலை எடுக்கவில்லை.
இன்னொரு தடவை சொல் என்றாள்.