இடது மிதவை

வெள்ளிச் சாயம் யாருக்கும் சலுகை தராது.
பச்சை கொஞ்சம் மன்னிக்கும்,
சாம்பல் கண்டும் காணாமல் போகும்.
வெள்ளி மட்டும்
மேசை விளக்கைச் சாய்த்ததும்
எழுந்து நின்று சாட்சி சொல்கிறது:
இடது மிதவையின் முதுகில்
மூக்கிலிருந்து வால் வரை
மயிரிழைப் பள்ளம் ஒன்று.

வியாழன் இரவு. பேர்கனில் மழை.
அதாவது, பேர்கன் இன்னும் இருக்கிறது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஊரார் வாய்க்குப் பீங்கான் கேப்.
ஈறோடு அது சேரும் விளிம்பைக்
கண்ணை மூடி நகத்தால் தடவிப் பார்ப்பேன்.
கண் சமாதானமாகிவிடும், நகம் ஆகாது.
அதே நகம் இப்போது
இந்தக் கடல் விமானத்தின் மேல்
தடுக்கி நிற்கிறது.

மேல்வீட்டு ஐவின்
கம்பளிக் காலுறையோடு இறங்கி வந்து பார்த்தான்.
"மழை" என்றான்.
அவனுக்கு எல்லாமே மழைதான்:
முழங்கால் வலி, வங்கி வட்டி,
போன வருடம் அவன் விமானத்தில்
பூத்துப் படர்ந்த பால்நிற மூட்டம்.
ஈரம் பூக்கும், ஐவின்.
அடிமட்டம் வைத்துக் கோடு கிழிக்காது.
எங்கே ஓடுகிறது பார்,
இரண்டு பாதிகள் ஒட்டிய இடத்தில் மட்டும்.

பிறகு விரல் பிசுக்கைச் சந்தேகித்தேன்.
துடைத்து அடித்த துண்டுப் பிளாஸ்டிக்,
துடைக்காமல் அடித்த துண்டுப் பிளாஸ்டிக்,
இரண்டிலும் என் முகம் தெரிந்தது.
பிரைமரோ?
அதே டப்பா, அதே இரவு,
வலது மிதவை
காற்றில்லாத குளம் மாதிரிக் கிடக்கிறதே.

வலது.
அதைக் கேட்க ஏன் இவ்வளவு நேரம்?

ஃபிரிட்ஜ் கதவில் நாட்காட்டி,
அதில் என் கோழிக்கிறுக்கல்.
ஈஸ்டர் திங்கள்: வலது ஒட்டியாயிற்று.
இடதோ, இரண்டு வாரம் முன் ஒரு ஞாயிறு.
செவ்வாய் பட்டி. புதன் காலை தேய்ப்பு.
புதன் இரவே வெள்ளி.
வருகிற சனிக்கிழமை போட்டி, அதுதான் அவசரம்.
அடித்த இரவில் கோடு இல்லை,
சத்தியமாக இல்லை.

அந்தப் பசை ஒட்டுவதில்லை, உருக்குகிறது.
இரு விளிம்பும் கரைந்து ஒரே கூழாகி
வாரக்கணக்கில் ஆவி விட்டுச் சுண்டும்.
அது சுண்டி முடிக்குமுன்
நான் சமமாய்த் தேய்த்து
மேலே பூசி வாயை மூடினேன்.
உள்ளே அது
தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
ஆக்கப் பொறுத்தவள்
ஆறப் பொறுக்கவில்லை.

தாங்குகால் செருகும் துளையில் மூக்கை வைத்தேன்.
வலதில் ஒன்றுமில்லை.
இடதில் குப்பென்று
திறந்த பசைப் புட்டி.

"இன்னொரு பூச்சு கனமாய் அடி,
பள்ளம் நிரம்பிவிடும்" என்றான் ஐவின்.
நிரம்பும்.
சனிக்கிழமை மாலை வரைக்கும்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தேன்.
நான்கு இரவின் வெள்ளி
பாத்திரம் கழுவும் தொட்டியில் இறங்கியது,
கெட்டுப்போன பால் நிறத்தில்.
பிறகு சாம்பல். பிறகு பட்டி.
அதற்கும் கீழே, மெழுகுபோல் மிருதுவாய்,
நகம் அழுத்தினால் பதியும் அந்த மூட்டு.

போட்டிக்கு ஐவின் மட்டும் போனான்,
துடைத்தும் போகாத மூட்டத்தோடு.
மூன்றாம் பரிசு வாங்கி வந்தான்.
பனியில் பறந்து வந்த தோற்றம் அருமை என்று
நடுவர் எழுதியிருந்தாராம்.
படிக்கட்டில் நின்று காட்டினான்,
சிரிக்கக் கூடாது என்று இருவரும் முயன்றோம்.

இடது மிதவை இப்போது
ஹீட்டருக்கு மேலே தட்டில், அம்மணமாய்.
வேலையிலிருந்து வந்ததும்
மழைக்கோட்டோடு நின்றபடியே
எடுத்து ஒருமுறை முகர்கிறேன்.
நேற்று கொஞ்சம் இருந்தது.
இன்று,
இருந்ததா, நினைப்பா, தெரியவில்லை.
திரும்ப வைத்துவிட்டேன்.