சேதாரம்

பின்சீட்டை எடைபோட்டேன்:
பதினேழு கிலோ நானூற்றுப் பத்து.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கிற கைக்கு
இந்தக் கணக்கு புதிதில்லை.
ஸ்டெப்னி பதிமூன்று. ஜாக்கி இரண்டரை.
சாம்பல் கிண்ணம் நூற்று நாற்பது கிராம்.
அதைக் கடைத் தராசிலேயே வைத்தேன்,
முதலாளி இல்லாத ஒரு மத்தியானம்.
டாஷ்போர்டுப் பிள்ளையாரைக் கழற்றப் போனபோது
தமயந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
அவர் அறுபது கிராம்.
இருக்கட்டும்.

எஸ்டீமின் பின்சீட்டு ஹாலுக்கு வந்தது.
மேலே ஒரு போர்வையை விரித்தாள்.
சீட்டுப் பணம் வாங்க வந்த சாந்தாமணியக்கா
அமுக்கிப் பார்த்து, எந்தக் கடை சோபா என்றார்.
“ஓடிக்கிட்டிருந்துச்சுங்க, நிறுத்திட்டோம்.”

மாசியில் முதல் சுற்று.
கருப்பூர் தாண்டி, வீடு வராத ஒரு லேஅவுட்.
கல் நட்டுப் பெயரும் வைத்திருந்தார்கள்.
முதல் கியரில் மல்லிகை வீதி,
இரண்டில் முல்லை,
பூங்கா என்று போர்டு மாட்டிய பொட்டலைச் சுற்றித்
திரும்பி வர வேண்டும், ஒவ்வொரு வண்டியாக.
எதிரில் யாரும் இல்லை,
கடிகாரம் தவிர.
ஐம்பத்தெட்டு நொடி முப்பத்தொன்று.
கோன் ஒன்றைச் சாய்த்ததற்குத் தண்டம் ஐந்து.
பதினான்கு பேரில் பதின்மூன்றாவது.
பதினான்காவது ஆளின் வண்டி கிளம்பவே இல்லை.

சித்திரையில் தார் இளகி டயரைப் பிடித்துக்கொண்டது.
சபியுல்லா பாய் பானட்டைத் திறந்து
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
மெக்கானிக்கின் மௌனத்துக்கு
நிமிடக் கணக்கில் கூலி.
கிளட்ச் பிளேட், கேஸ்கெட்,
யார் தலையிலோ எழுதியிருந்த ஒரு ரேடியேட்டர்.
செய்கூலி தனி.

வைகாசிச் சுற்றுக்குப் போகவில்லை.
முகூர்த்த மாதம், ஞாயிறும் கடை.
இருநூறு ஜோடி நிறுத்துப் பொட்டலம் கட்டுகையில்
பத்து மணி பத்து நிமிடம்:
என் முறை.
கல்லாவுக்குக் கீழே வலது கால் மட்டும்
ஒருமுறை அழுந்தி எழுந்தது.

ஆடியில் ஏற்காடு.
ஒரு காப்பித் தோட்டத்தின் சொந்தச் சாலை,
ஆயிரத்து நானூறு மீட்டர், ஏழு வளைவு.
மிளகு ஏறிய சில்வர் ஓக்குகளுக்கிடையில் மூடுபனி.
வண்டி வருதா, சத்தம் மட்டுமா என்று
மேலே கடிகாரக்காரர் வாக்கிடாக்கியில் கேட்டாராம்.
எனக்கும் அது தெரியவில்லை அப்போது.
நான்காவது வளைவு தாண்டி
நடுச்சாலையில் ஒரு பலாப்பழம்.
பிரேக் பிடித்தேன்.
எடுக்க ஆள் போவதற்குள் அடுத்து வந்த ஹெப்ஸிபா,
பிசியோதெரபிஸ்ட், மாமாவின் வண்டி,
பிடிக்கவில்லை.
அதை எட்டாவது வளைவாக எடுத்துக்கொண்டு போனாள்.
பழத்தைக் கொடிக்காரர்கள் அறுத்துத் தின்றார்கள்.
எனக்கும் நான்கு சுளை.

ஐப்பசியில் அதே சாலை, கடைசிச் சுற்று, நல்ல வெயில்.
முன்டயரில் எவ்வளவு காற்று அண்ணா என்று கேட்டாள்.
பொய் சொல்லியிருக்கலாம்.
முதல் ஓட்டம்
தொண்ணூற்றிரண்டு நொடி நாற்பது.
இரண்டாவது
தொண்ணூற்றிரண்டு முப்பத்தாறு.
நூறில் நான்கு.
தராசில் அது காற்று,
ஃபேனை நிறுத்தினால் போய்விடும்.
ஆனாலும் கடை கூட்டிய குப்பையைக்கூட
விலைபேசி வாங்கிப்போக
மாதம் ஒருவன் வருகிறான்.
ஆண்டுக் கணக்கில் நான் ஒன்பதாவது.
அவள் இரண்டாவது, அதற்காக அழுதாள்.

இறங்கும்போது
முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் ஒரு லாரி.
இருபது கொண்டை ஊசிக்கும் எண் போட்டிருக்கிறார்கள்.
தமயந்தி வாங்கிய பம்ப்ளிமாஸ்
சீட்டில்லாத வெற்றுத் தகரத்தில்
ஒவ்வொரு திருப்பத்துக்கும்
இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு.
பஸ்ஸைத் தாண்டட்டுமா என்றேன்.
“மாவு மில்லு எட்டரைக்குத்தான் சாத்துவான்.”
பதினான்கு.
உருண்டது.
பதின்மூன்று.