கூட்டக் குறிப்பில் இல்லாதது

தீர்மானம் பதினேழு.
மில் தெருவுக்கு அடியில் ஓடும்
இரண்டடிக் குழாயைப் பிடுங்கிவிட்டு
ஆறடிக் கான்கிரீட் பெட்டி வைப்பது.
பழைய மரக்கிடங்கு மனையைத் தோண்டித் தாழ்த்தி
கோரை நட்டு
மழைக்கு மட்டும் குளமாக விடுவது.
வீட்டுக்கு மாதம் நான்கு டாலர் பத்து சென்ட்.

விஸ்கான்சினில் எங்கள் ஊர் சிறியது.
மன்றக் கட்டடம் இன்னும் காய்ந்தபாடில்லை,
லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்தான் கூட்டம்.
உறுப்பினர் ஏழு பேர்,
குறிப்பெழுத நான்.

ஆர்வில் ஸ்கோகன் எழுந்தார்.
தீவனக் கடைக்காரர், மேட்டுத் தெருவாசி.
"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறீர்கள்" என்றார்.
அப்படியே எழுதிக்கொண்டேன்.
யாரோ சிரித்துவிட்டார்கள்.
லவோன் டிஷர் சிரிக்கவில்லை.
ஆர்விலின் தோளுக்கு மேலே சுவரில் ஓடிய
பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதை ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை.

ஆதரவு நான்கு. எதிர்ப்பு மூன்று.

இரண்டு கோடை தெரு கிழிந்து கிடந்தது.
ரொட்டிக்கடைக்காரி தினமும் வந்து
என் மேசையில் புழுதியைத் தட்டிவிட்டுப் போனாள்.
செலவு ஏறியது. கடன் பத்திரம் ஒன்று, பிறகு இன்னொன்று.
தோண்டியவர்கள் பழைய குழாய்க்குள்
ஒரு பவுலிங் பந்தைக் கண்டெடுத்தார்கள்.
எந்த வருஷத்து வெள்ளம் உருட்டி வந்ததோ,
மூன்று விரல் துளைகளிலும் சேறு.
அது இப்போது என் காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
இரண்டு மணிக்குக் கைபேசி அலறியது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.
பெட்டியின் வாயருகே ஏற்கெனவே ஒரு வெளிச்சம்.
பைஜாமா, ரப்பர் பூட்ஸ்,
ஆர்வில்.

பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.
சோளத்தட்டை வந்தது, யாருடைய வேலியோ வந்தது,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து
வாயில் குறுக்கே மாட்டி,
உட்கார ஆளைத் தேடுவதுபோல் நின்று,
சாய்ந்து
உள்ளே போயிற்று.
தெரு தெருவாகவே இருந்தது.
அந்தப் பக்கம் கோரையின் நுனிகள் மட்டும்
தண்ணீருக்கு வெளியே எழுந்து நின்றன.

"நான்கு டாலர் பத்து சென்ட்" என்றார் ஆர்வில்.
குறையா கணக்கா, தெரியவில்லை.
சற்றுப் பொறுத்து,
நீர் போன திசையில் டார்ச்சைத் திருப்பி,
"ப்ரேடன்காரர்கள் என்ன செய்வார்கள்?"

ப்ரேடன் எங்களுக்குக் கீழே ஆறு மைல்.
அவர்கள் குழாய் இன்னும் இரண்டடிதான்.
எங்கள் குளம் எவ்வளவு பிடித்துவைத்தது,
எவ்வளவை அவர்கள் வாசலுக்கு அனுப்பினோம்,
அந்த இருட்டில் அளக்க முடியவில்லை.

செப்டம்பர் கூட்டம்.
மழைநீர் என்ற தலைப்புக்கு நேரே
'சேதம் ஏதும் இல்லை' என்று எழுதிக்
கோடு போடப் போனேன்.
ஆர்வில் தொண்டையைச் செருமினார்.
ஓடைக்கு மேலே வாங்கரின் மேய்ச்சல் நிலம்.
அங்கே இரண்டாவது குளம்.
செலவில் பாதி நம்முடையது,
பாதிக்கு ப்ரேடனைக் கேட்கலாம்.

அறுவரும் அவரைப் பார்த்தார்கள்.
பிறகு அவரவர் காகிதங்களை.

முன்மொழிந்தவர்: ஸ்கோகன்.
வழிமொழிந்தவர் என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்துவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.