இடது மூலை

அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.
ஸ்கோர் பலகையில் எண்களை மாட்டியவன் நான்தான்.
கழற்றிச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு
கழனிவாசல் முக்குக் கடைக்கு வந்து சேர்வதற்குள்
ஆட்டம் இங்கே இரண்டாம் முறை தொடங்கியிருந்தது.

பரோட்டாக் கல்லை ஒட்டிய மேசை.
வெங்காயத் தட்டு ஒரு கூடை,
ஆம்லெட் தட்டு எதிர்க் கூடை.
நடுவில் ஐந்து தம்ளர்கள் நம் பையன்கள்.
சால்னா வாளி, இடத்தைவிட்டு அசையாததால், கோச்.

"பத்தொம்பது டர்ன்ஓவர்டா!
பத்தொம்பது தடவை
தாம்பூலப் பை மாதிரி பந்தைக் கையில குடுத்து
வழியனுப்பி வச்சிருக்கோம் அவய்ங்கள."
விலங்கியல் இரண்டாமாண்டு சாத்தப்பனுக்குக் கண் சிவந்திருந்தது.
"அதுல பதினொண்ணு அடைக்கலம் ஒருத்தன்."
"பேரே அப்படி. வந்தவனுக்கெல்லாம் குடுப்பான்."
சிரித்தார்கள்.
ஒரு பரோட்டா பிய்க்கும் நேரம்கூட
அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

"முப்பத்தெட்டு நிமிசம் ஓடவிட்டா
குதிரைக்கே நுரை தள்ளும்யா."
ஜெராக்ஸ் கடை பீர்முகமது.
எங்கள் கல்லூரியில் படித்தவர் இல்லை.
ஆட்டம் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
எங்களைவிடச் சத்தமாகத் தோற்பார்.
"இருதயராஜுக்கு எவ்வளவு? நாலு நிமிசம்.
என் மெஷின் சூடாகவே நாலு நிமிசம் வேணும்."

"ப்ராக்டிசுக்கு லேட்டா வந்தா அப்படித்தான்."
"தேவகோட்டை பஸ் லேட்டு, அவன் என்ன பண்ணுவான்?"
"பஸ்ஸா வந்து டிஃபென்ஸ் ஆடப்போகுது?"

இரண்டு கட்சி ஆகிவிட்டது.
இந்தப் பக்கம் தொலைத்த பந்துகள்,
அந்தப் பக்கம் கொடுக்காத நிமிடங்கள்.
எண் மாட்டுகிறவனிடம்
ஆட்டம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

வெளியே போகிற பந்தை எடுத்து வருவதும் என் வேலை.
கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு முறை ஓடினேன்.
ஆறும் ஒரே இடம்.
இடது மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கருவேலம் புதர்.
முழங்கையில் முள் கிழித்த கோடு இன்னும் எரிகிறது.
பந்தின் செம்மண்ணைத் துடைத்துத் துடைத்து
சட்டை ஓரம் செங்கல் நிறம்.

அடைக்கலம் திரும்பிப் பார்க்காமல் எறிவான்.
இரண்டு வருடமாக அப்படித்தான்.
அந்த மூலைக்கு ஓடி வருகிற கால் யாருடையது என்று
இந்த மேசையில் எவருக்கும் தோன்றவில்லை.
இரண்டு கட்சிக்கும் வழக்கு ஒன்றுதான் என்று
சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது உள்ளே வந்தான் இருதயராஜ்.

கொத்துக் கரண்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ஜெர்சியில் பதினான்காம் எண்
இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல்.
"அண்ணே, ஆறு பரோட்டா பார்சல்.
ஐஸ் இருந்தா ஒரு கவர்ல போடுங்க."
"ஐஸ் எதுக்கு?" என்றான் சாத்தப்பன்.
"அடைக்கலத்துக்கு. விரல் வீங்கிருச்சு,
ரெண்டாவது குவார்ட்டர்லயே."
"கோச்சுட்ட சொல்லலையா?"
"சொன்னா உக்கார வச்சிருவார்ல."

பீர்முகமது பல்குத்தும் குச்சியை உடைத்தார்.
என் கணக்கும் அந்த இடத்தில் உடைந்தது.
ஆறில் எத்தனை பழக்கம், எத்தனை விரல்?
புதரைப் போய்க் கேட்க முடியாது.

பார்சல் கட்டும்வரை
தம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
எது எவன் என்று கேட்கவில்லை, தெரிந்திருக்கும்.
குடத்திலிருந்து தனக்கு ஒரு தம்ளர் மொண்டு
நின்றபடியே குடித்து
மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு
காசைக் கொடுத்துப் போனான்.

"சரி, மூணாவது குவார்ட்டர்ல இருந்து வருவோம்"
என்று சாத்தப்பன் நாற்காலியை இழுத்தான்.

"ஆளுங்க நிக்கிறாங்கப்பா" என்று மேசைத் துடைக்கிற பையன்
ஐந்து தம்ளர்களுக்குள்ளும் ஐந்து விரல்களை விட்டு
மொத்த அணியையும் ஒரே கையில் அள்ளிப்போய்
கழுவுகிற தொட்டியில் அமுக்கினான்.

ஓரத்தில் இருந்ததை அவனும் பார்க்கவில்லை.